கடலில்லா நாட்டின் கடல் வாணிபம்

மைசூரு நகரின் மானந்தவாடிச் சாலையில் இரு பழைய தொழிற்சாலைகள் உள்ளன. ஒன்று பட்டு நெய்வதற்கென 1912-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. மற்றொன்று சந்தனத் தைலம் வடிப்பதற்கென 1917-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. இவற்றை நிறுவியவர்கள் தனி முதலாளிகள் அல்லர்; மைசூர் சமஸ்தானத்து அரசாங்கத்தாரே நிறுவினர். அரண்மனையையும் சாமுண்டி மலையையும் காண வரும் அன்பர்கள் பலர் ஊர் திரும்புகையில் மைசூர்ப் பட்டும் சந்தனச் சவுக்காரமும் வாங்கிச் செல்லத் தவறுவதில்லை. ஆயினும், ஓர் அரசாங்கம் எதற்காகத் தைலம் வடிக்கவும் சேலை நெய்யவும் முற்பட்டது என்று கேட்போர் சிலரே.

அக்கேள்விக்கு விடை காணப் புகுந்தால், ஒரு சிறு நாடு உலகச் சந்தையில் எங்ஙனம் பிழைக்கிறது என்னும் பெரிய செய்தி நமக்குப் புலனாகும். நேயர்களே! அச்செய்தியையே இப்பேச்சில் நாம் ஆராய எண்ணுகிறோம்.

மைசூரும் ஐரோப்பியச் சிறு நாடுகளும்

பழைய மைசூர் சமஸ்தானத்தை ஒரு நாடென்று கருதுவது மிகையாகாது. அதன் பரப்பு ஏறத்தாழ 29,500 சதுர மைல். ஐரோப்பாவில் தனியரசு செலுத்தும் ஸ்விட்ஸர்லாந்தும் டென்மார்க்கும் தனித்தனியே 16,000 சதுர மைலைச் சற்றே ஒட்டிய பரப்புடையவை. 1911-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி மைசூரின் மக்கள் தொகை ஏறத்தாழ 58 இலட்சம். அதே காலத்தில் ஸ்விட்ஸர்லாந்தின் மக்கள் தொகை 38 இலட்சத்தைக்கூட எட்டவில்லை. ஆகவே, பரப்பிலும் மக்கள் தொகையிலும் மைசூர் அவ்விரு நாடுகளையும் விஞ்சியே இருந்தது.

சிறு நாடுகளின் பொருளாதாரத்திற்குப் பொதுவான இயல்புகள் சில உண்டு. தனக்கு வேண்டிய யாவற்றையும் தானே விளைவித்துக்கொள்ளவோ செய்துகொள்ளவோ ஒரு சிறு நாட்டால் இயலாது. நிலக்கரி ஓரிடத்தில் இராது. பருத்தி மற்றோரிடத்தில் இராது. இல்லாததை வாங்கவேண்டும், வாங்குவதற்குப் பணம் வேண்டும், பணத்திற்காக எதையேனும் விற்கவேண்டும். எனவே பெரிய நாட்டைக் காட்டிலும் சிறிய நாட்டிற்கு வெளிநாட்டு வாணிபம் இன்றியமையாததாகிறது. ஆனால் விற்கும் பொருளின் விலையை நிர்ணயிக்கும் ஆற்றல் பெரும்பாலும் அதற்கு இல்லை. உலகச் சந்தையில் விலை ஏறினால் அது மகிழ்கிறது, இறங்கினால் வாடுகிறது.

இந்நிலையில் டென்மார்க்கு செய்த காரியம் நாம் அறியத்தக்கது. 1870-களிலும் 1880-களிலும் அமெரிக்காவிலிருந்தும் ருஷ்யாவிலிருந்தும் மலிவான தானியம் ஐரோப்பாவிற்கு வெள்ளம்போல் வந்து குவிந்தது. தானியம் விற்றே வாழ்ந்த டேனிய உழவர் திகைத்தனர். பல நாடுகள் இறக்குமதி வரி விதித்துத் தடுக்க முயன்றன. டேனியரோ அம்மலிவான தானியத்தையே வாங்கித் தம் மாடுகளுக்கும் பன்றிகளுக்கும் தீவனமாக்கினர். 1882-இல் யெடிங் என்னும் சிற்றூரில் முதல் கூட்டுறவுப் பாற்பண்ணை தோன்றியது. சில ஆண்டுகளுக்குள் அத்தகைய பண்ணைகள் நாடெங்கும் பரவின. தானியம் விற்ற நாடு வெண்ணெயும் பன்றியிறைச்சியும் முட்டையும் விற்கும் நாடாக மாறி, பிரிட்டிஷ் மக்களின் காலையுணவு மேசையைத் தன் சந்தையாக்கிக்கொண்டது. கடற்கரையே இல்லாத ஸ்விட்ஸர்லாந்தும் அவ்வாறே, இரும்பைக் கடிகாரமாகவும் பாலைப் பாலாடைக் கட்டியாகவும் மாற்றிய பின்னரே தன் எல்லையைத் தாண்ட விட்டது. எடை குறைந்து மதிப்பு மிகுந்த பண்டமே மலைவழியே செல்லும் கூலியைத் தாங்கும் என்பதை அந்நாட்டார் உணர்ந்திருந்தனர்.

மைசூரின் கைகள் கட்டப்பட்டிருந்த விதம்

மைசூருக்கு இவ்விரு நாடுகளுக்கும் இல்லாத இடர்கள் இருந்தன. முதலாவது, அதற்குக் கடற்கரை இல்லை. பொருள்கள் சென்னை, மங்களூர், பம்பாய் முதலிய பிறர் ஆட்சிக்குட்பட்ட துறைமுகங்கள் வாயிலாகவே செல்லவேண்டும். 1912 முதல் 1918 வரை திவானாக இருந்த எம். விசுவேசுவரய்யா, அரபிக் கடற்கரையிலுள்ள பட்கலில் மைசூருக்கென ஒரு துறைமுகம் அமையவேண்டும் என்று விரும்பினார், அது கைகூடவில்லை.

இரண்டாவது, சுங்கம். கடல்வழி வந்த சரக்குகளின்மீது வரி விதிக்கும் உரிமை இந்திய அரசாங்கத்தாரையே சேர்ந்தது. மைசூர்க் குடியானவன் வாங்கிய வெளிநாட்டுத் துணியின் விலையில் அவ்வரி அடங்கியிருந்தது. ஆனால் அவ்வருவாய் மைசூர்க் கஜானாவிற்கு வரவில்லை. தன் தொழில்களைக் காப்பதற்காக ஒரு வரியை ஏற்றவோ இறக்கவோ மைசூரால் முடியாது. நாணயமும் பிரிட்டிஷ் இந்திய ரூபாயே.

மூன்றாவது, கப்பம். 1799-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி மைசூர் ஆண்டுதோறும் 24½ இலட்சம் ரூபாய் ஆங்கிலேயருக்குச் செலுத்திவந்தது. 1881-இல் உடையார் குலத்திற்கு ஆட்சி திரும்பக் கிடைத்தபோது இது 35 இலட்சமாக உயர்த்தி நிர்ணயிக்கப்பட்டது. அந்த உயர்வு 1896 முதல் வசூலிக்கப்பட்டது. இதன் பொருளாதாரக் கருத்தைச் சற்று விளக்குவோம். ஒரு நாடு நூறு ரூபாய்ச் சரக்கை அனுப்பி நூறு ரூபாய்ச் சரக்கைப் பெற்றால் வாணிபம் சமநிலையில் இருக்கும். கைம்மாறின்றி ஒரு தொகை ஆண்டுதோறும் வெளியே செல்லுமாயின், அத்தொகையை ஈட்டுவதற்காகவே அந்நாடு தான் வாங்குவதைவிட மிகுதியாக விற்றாக வேண்டும். வீட்டில் உண்ண வேண்டிய நெய்யை விற்றுக் கடன் அடைக்கும் குடும்பத்தின் நிலை அது.

வரியும் துறைமுகமும் தன் கையில் இல்லாத நாட்டிற்கு எஞ்சியிருப்பது எது? தன் எல்லைக்குள் விளையும் பொருளின்மீது எவ்வளவு உழைப்பையும் அறிவையும் ஏற்றி அனுப்புவது என்பது ஒன்றே. இந்த உண்மையை மைசூர் கற்றுக்கொண்டது ஒரு நெருக்கடியின் வாயிலாக. அந்நெருக்கடி சந்தன மரத்தைப் பற்றியது.

ஏலத்தில் போன சந்தனம்

மைசூர்க் காடுகளில் வளரும் சந்தன மரம் நெடுங்காலமாக அரசின் உடைமை. ஒருவருடைய சொந்த நிலத்திலேயே முளைத்திருப்பினும் மரம் அரசுக்கே உரியது. சந்தனத்தை வெட்டுவதில்லை, வேரோடு பெயர்த்தெடுப்பார்கள். ஏனெனில் தைலம் மிகுந்த பகுதி வேரே. மேலுள்ள வெண்மரத்தைச் செதுக்கிக் களைந்து, மணமுள்ள வைரத்தை மட்டும் தரம் பிரித்துக் கிடங்குகளில் அடுக்கி, ஆண்டுதோறும் ஏலம் விடுவது வழக்கம்.

முதல் உலக யுத்தத்திற்கு முன்னர் அந்த ஏலத்துச் சந்தனத்தின் பெரும்பகுதி ஜெர்மனிக்கே சென்றது. லைப்ஸிக் நகரத்தை அடுத்த பகுதியில் வாசனைத் தைலங்கள் வடிக்கும் புகழ்பெற்ற இரசாயனத் தொழிற்சாலைகள் இருந்தன. மைசூர்க் கட்டை அங்கே தைலமாயிற்று. தைலம் அத்தராகவும் மருந்தாகவும் மாறி உலகெங்கும் விற்கப்பட்டது. பெனிசிலின் முதலிய மருந்துகள் தோன்றாத அக்காலத்தில், மேகவெட்டை என்னும் நோய்க்குச் சந்தனத் தைலத்தை ஐரோப்பிய வைத்தியர்கள் பெரிதும் கையாண்டனர். மரம் வளர்த்த நாட்டிற்குக் கிடைத்தது கட்டையின் விலை. மதிப்பின் பெரும்பங்கு சேர்ந்தது வடித்த நாட்டிற்கு.

1914 ஆகஸ்டு மாதத்தில் யுத்தம் மூண்டது. ஜெர்மனி பகை நாடாயிற்று. கொள்முதல் நின்றது. காட்டில் மரம் இருந்தது. கிடங்கில் கட்டை இருந்தது. வாங்குவதற்கு ஆள் இல்லை. ஒரே நாட்டை நம்பி விற்பவனுடைய கதி என்னவாகும் என்பதை மைசூர் அந்த ஓர் ஆண்டில் கண்டுகொண்டது.

அப்போது அரசாண்டவர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார், திவான் விசுவேசுவரய்யா, தொழிலிலாகாவின் தலைவர் ஆல்பிரட் சாட்டர்டன். கட்டையை வேறெந்த நாட்டிற்கு விற்கலாம் என்று தேடுவதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. அதனை ஏன் இங்கேயே வடிக்கக்கூடாது என்று வினவினர். பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தின் பேராசிரியர்களான ஸட்பரோவும் வாட்ஸனும் ஆராய்ச்சி நடத்தி வடிக்கும் முறையை வகுத்துக் கொடுத்தனர். 1916-இல் பெங்களூரில் சிறு அளவில் வேலை தொடங்கியது. 1917-இல் மைசூரு நகரில் தொழிற்சாலை எழுந்தது. யுத்தம் முடிவதற்கு முன்னரே மைசூர்த் தைலம் வெளிநாட்டுச் சந்தையில் இடம் பெற்றுவிட்டது.

ஒரு தைலக் கணக்கு

தைலம் வடிக்கும் முறை, கேட்க எளிதாக இருப்பினும், பொறுமையை வேண்டுவது. வைரத்தைச் சிறு சில்லுகளாகச் சீவிப் பொடியாக்கிக் கலங்களில் நிரப்பி நீராவி செலுத்துவார்கள். நீராவியோடு தைலமும் ஆவியாக எழும். அதனைக் குளிர்வித்தால் நீர் வேறு, தைலம் வேறாகப் பிரியும். சந்தனத் தைலம் எளிதில் ஆவியாகாத இயல்புடையதாகலின், இவ்வேலை மணிக்கணக்கில் அல்லாமல் நாட்கணக்கில் நீடிப்பது. நல்ல மைசூர் வைரத்தில் நூறு கிலோவிற்கு ஏறத்தாழ நான்கு முதல் ஆறு கிலோ வரை தைலம் கிடைக்கும்.

இந்த எண்களில் வாணிப இரகசியம் ஒன்று அடங்கியுள்ளது. நூறு கிலோ கட்டையைக் கப்பலேற்றினால், அதில் தொண்ணூற்று நான்கு கிலோவுக்குக் குறையாத எடை வாங்குவோனுக்கு வேண்டாத மரத்தூளாகும். அதற்கும் சேர்த்தே இரயில் கூலியும் கப்பல் கூலியும் கொடுக்கவேண்டும். தைலமாக அனுப்பினால் ஐந்து கிலோவிற்கே கூலி. துறைமுகம் இல்லாத நாட்டிற்கு இச்சேமிப்பு சிறிதன்று. மேலும், எஞ்சிய தூள் இங்கேயே தங்கிவிடுகிறது. மணம் முற்றும் நீங்காத அச்சக்கையை ஊதுவத்தி செய்வோர் வாங்கிக்கொண்டனர். ஜெர்மனியில் கழிவாகியிருக்கக்கூடிய பொருள் மைசூரில் ஒரு குடிசைத் தொழிலுக்கு மூலப்பொருளாயிற்று.

வடித்தால் மட்டும் போதாது, விற்கவும் வேண்டும். முன்பின் அறியாத ஒரு கிழக்கத்திய அரசின் தைலத்தை ஐரோப்பிய மருந்து வியாபாரி எதை நம்பி வாங்குவான்? தைலத்தில் ஸாண்டலால் என்னும் சத்து நூற்றுக்குத் தொண்ணூறு இருத்தல் வேண்டுமென மருந்து நூல்கள் விதித்திருந்தன. அத்தரத்தைத் தவறாது காத்து, அரசாங்கத்தின் முத்திரையோடு அனுப்பியதே மைசூருக்கு நற்பெயரை ஈட்டித் தந்தது. வாங்குவோரின் போக்கை நேரில் அறிவதற்காக, இலண்டன் மாநகரில் மைசூருக்கெனத் தனியாக ஒரு வர்த்தக ஆணையர் அலுவலகமும் பிற்காலத்தில் இயங்கியது.

தைலத்தின் ஒரு பகுதியை உள்நாட்டிலேயே பயன்படுத்தும் நோக்கத்தோடு 1918-இல் பெங்களூரில் அரசாங்கச் சவுக்காரத் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. அக்கலையைக் கற்று வருமாறு எஸ்.ஜி. சாஸ்திரி என்னும் இரசாயன அறிஞர் இங்கிலாந்திற்கு அனுப்பப்பெற்றார். யானைத் தலையும் சிங்க உடலும் கொண்ட சின்னத்தோடு இன்றும் விற்கும் மைசூர்ச் சந்தனச் சவுக்காரம் அம்முயற்சியின் பயனே. 1940-களில் புதிய மருந்துகள் வந்து சந்தனத் தைலத்தின் வைத்தியப் பயனை ஏறக்குறைய ஒழித்துவிட்டன. அப்போது தொழில் அழிந்துபோகாமல் தாங்கி நின்றவை அத்தரும் சவுக்காரமுமே. ஒரு பொருளுக்குப் பல பயன்களும் பல சந்தைகளும் இருப்பது எத்துணை பாதுகாப்பு என்பதற்கு இது சான்று.

பட்டு தந்த பாடம்

சந்தனத்தில் மைசூர் ஏறக்குறைய தனியுரிமை பெற்றிருந்தது. அதனால் விலையைத் தானே நிர்ணயிக்க முடிந்தது. பட்டின் கதை வேறு. முசுக்கொட்டை வளர்த்துப் புழுவிற்கு இலையிட்டுக் கூடெடுத்து நூல் இழைக்கும் தொழில், திப்பு சுல்தான் காலத்திலிருந்தே மைசூர்க் கிராமங்களில் வேரூன்றியது. அது ஆயிரக்கணக்கான சிறு குடும்பங்களின் பிழைப்பு. பெண்டிரும் முதியோரும் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலை. அரசாங்கம் 1912-இல் மைசூரு நகரில் நிறுவிய நெசவாலைக்கு விசைத்தறிகள் ஸ்விட்ஸர்லாந்திலிருந்து வரவழைக்கப்பட்டன. கடலில்லா ஐரோப்பிய நாடு செய்து விற்ற தறியில், கடலில்லா இந்திய நாடு தன் பட்டை நெய்தது.

1929-க்குப் பின் உலகெங்கும் விலைவாசி சரிந்தது. ஜப்பானின் யென் நாணயம் மதிப்பிறங்கியது. ஜப்பானியப் பட்டும் சீனப் பட்டும் செயற்கைப் பட்டும் மலிவாக வந்து இறங்கின. மைசூர் உழவன் கூட்டின் விலையில் கைமுதலைக்கூடக் காணவில்லை. பலர் முசுக்கொட்டைத் தோட்டங்களைப் பெயர்த்துவிட்டு ராகி விதைத்தனர். மைசூருக்கு வரி விதிக்கும் உரிமை இருந்திருப்பின் உடனே தடுத்திருக்கலாம். இல்லாமையால் டில்லிக்கு முறையிட்டுக் காத்திருக்க நேர்ந்தது. சுங்கக் குழுவினர் 1933-இல் விசாரணை முடித்தனர். 1934-இல்தான் பாதுகாப்பு வரி சட்டமாயிற்று. அதற்குள் பல குடும்பங்கள் தொழிலைக் கைவிட்டிருந்தன.

வரி காலம் தாழ்த்தியே வந்தது என்பது ஒரு பாடம். வரி மட்டும் போதாது என்பது மற்றொரு பாடம். ஜப்பானியப் பட்டு வென்றதற்கு மலிவு மட்டும் காரணமன்று. இழை சீராகவும் அறுபடாமலும் இருந்தது. அவ்வேற்றுமையைப் போக்கும் வேலை ஆராய்ச்சிக்கு உரியது. மைசூருவில் 1961-இல் நிறுவப்பட்ட மத்தியப் பட்டு வளர்ப்பு ஆராய்ச்சிப் பயிற்சி நிலையம் உருவாக்கிய வெண்பட்டுப் புழு இனங்கள், நம் வெப்ப நாட்டிலும் உயர்ந்த இழை பெறலாம் என்பதைக் காட்டியுள்ளன. எனினும் நம் நாடு இன்றும் சீனத்திலிருந்து கச்சாப் பட்டு வாங்கியே வருகிறது. தொடங்கிய வேலை இன்னும் முடியவில்லை.

பொன்னும் காப்பியும்

மைசூரின் ஏற்றுமதிகளில் மதிப்பால் பெரியது கோலார்ப் பொன். 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனியார் அச்சுரங்கங்களை நடத்தினர். பங்குதாரர் இலண்டனில் இருந்தனர். வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் அப்பாறைகளைக் குடைந்தனர். சமஸ்தானத்திற்குக் கிடைத்தது உரிமைத்தொகையும் தொழிலாளர் பெற்ற கூலியின் சுழற்சியுமே. ஆயினும் அரசு அச்சுரங்கத்தை வேறொரு வழியில் பயன்படுத்திக்கொண்டது. திவான் சேஷாத்ரி ஐயர் தொடங்கிவைத்த திட்டத்தின்படி, 1902-இல் காவிரியின் சிவனசமுத்திர அருவியிலிருந்து 92 மைல் தொலைவிலுள்ள கோலாருக்கு மின்சாரம் அனுப்பப்பட்டது. சுரங்கம் மின்சாரத்தை விலைகொடுத்து வாங்கியது. அவ்வருவாயால் மின்நிலையம் விரிந்தது. 1905-இல் பெங்களூர் நகரத் தெருக்களிலும் மின்விளக்கு எரிந்தது. 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது. எண்ணூறு டன் அளவிற்கு எடுக்கப்பட்ட பொன் எங்கெங்கோ சென்றது. பொன்னின் பொருட்டு ஏற்பட்ட மின்சாரமோ நாட்டிலேயே தங்கியது.

சிக்கமகளூர், ஹாசன் பகுதிகளின் காப்பி மற்றோர் எடுத்துக்காட்டு. அதன் பெரும் சந்தை ஐரோப்பா. இரண்டாம் உலக யுத்தத்தில் அச்சந்தை அடைபட்டது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் சந்தனத்திற்கு நேர்ந்தது காப்பிக்கும் நேர்ந்தது. அப்போது, காப்பிக்கொட்டை முழுவதையும் பொதுவில் திரட்டி விற்கும் ஏற்பாடு வகுக்கப்பட்டு, 1942-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலைபெற்றது. நம் நகரங்களில் காப்பி விடுதிகளைத் திறந்து உள்நாட்டாரைக் காப்பி பருகப் பழக்கியதும் அக்காலத்துக் காப்பி வாரியத்தின் வேலையே. பொதுவில் திரட்டும் முறை 1990-களில் கைவிடப்பட்டது. இன்று இந்தியக் காப்பியில் நூற்றுக்கு எழுபது பங்கு கருநாடகத்திலேயே விளைகிறது. நாட்டின் மொத்த விளைச்சலில் பெரும்பகுதி வெளிநாடு செல்கிறது. இத்தாலியும் ஜெர்மனியும் முக்கியமாக வாங்குவோரில் அடங்குவன. காடழித்த நிலத்தில் விளைந்ததன்று என்பதற்குத் தோட்டத்தின் இருப்பிடச் சான்று காட்டவேண்டுமென ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் சட்டமியற்றியுள்ளது. அது நடைமுறைக்கு வரும் நாள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை தள்ளிப்போடப்பட்டிருப்பினும், ஓரிரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயி அச்சான்றை எங்ஙனம் தேடுவார் என்பது இப்போதே கவலைக்குரிய கேள்வி. வாங்குவோர் வகுக்கும் விதி, விற்போர் முற்றத்திற்கே வந்து சேர்கிறது.

வேரைக் காவாத பிழை

இதுவரை மைசூரின் வெற்றிகளைக் கூறினோம். ஒரு பெரும் தவற்றையும் மறைக்காமல் கூறுதல் நம் கடமை.

தைலம் வடிக்கக் கற்ற நாடு, மரத்தைக் காக்கப் போதிய அளவு கற்கவில்லை. சந்தன மரத்தில் வைரம் முதிர முப்பது ஆண்டுகள்வரை ஆகும். அம்மரம் தனித்து வளராது. பக்கத்துச் செடிகளின் வேரில் தன் வேரைப் பொருத்திச் சத்தின் ஒரு பகுதியைப் பெறுவது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ‘கூர்இலை நோய்’ என்னும் கொள்ளைநோய் அதனைத் தாக்கத் தொடங்கிற்று. இவற்றோடு திருட்டு வெட்டும் சேர்ந்தது. யாவற்றிற்கும் மேலாக, தன் நிலத்தில் முளைத்த மரம் தனக்குச் சொந்தமன்று என்னும் சட்டம், உழவனைச் சந்தனத்தின் நண்பனாக்கவில்லை. கன்று முளைத்தால் காவலும் விசாரணையும் தொல்லையும் என அஞ்சியவன், அதனை யாரும் அறியாமல் கிள்ளி எறிவதே நலமென எண்ணினான். காட்டின் விளைவு ஆண்டுக்காண்டு குன்றியது. 1998-இல் இம்மரம் உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் அழிவு அபாயப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

கருநாடக அரசு 2001-இல் சட்டத்தைத் திருத்தி, வளர்ப்பவனே மரத்தின் உரிமையாளன் என்றாக்கியது. ஆனால் அதற்குள் உலகம் காத்திருக்கவில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் கனனூராப் பகுதியில், நம் நாட்டுச் சந்தன இனத்தையே ஆற்றுப் பாசனத்தில் பெருந்தோட்டங்களாக நட்டு வளர்த்து, அதன் தைலத்தை உலகச் சந்தைக்கு அனுப்பி வருகின்றனர். 1914-இல் நம்மிடம் மரம் இருந்தது, வடிக்கும் அறிவு இல்லை. அறிவு வந்த பின்னர் மரத்தை இழந்தோம். பெயரை மட்டும் காத்துக்கொள்வதால் பயன் சிறிதே. மைசூர்ச் சந்தனத் தைலத்திற்கும் மைசூர்ப் பட்டிற்கும் இப்போது புவிசார் குறியீடு கிடைத்திருப்பினும், அப்பெயருக்குரிய பொருள் மண்ணில் முளைத்தாக வேண்டும்.

முடிவுரை

மைசூர் இன்று தனி நாடன்று. 1956-இல் விரிந்த மாநிலமாகி, 1973-இல் கருநாடகம் எனப் பெயர் பெற்றது. துறைமுகமும் சுங்கமும் இன்று பாரத நாட்டின் உடைமை. ஸ்விட்ஸர்லாந்து உள்ளிட்ட நான்கு ஐரோப்பியச் சிறு நாடுகளோடு இந்தியா 2024 மார்ச்சு மாதத்தில் கையொப்பமிட்ட வர்த்தக உடன்படிக்கை 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்துள்ளது. 1912-இல் தறி அனுப்பிய நாட்டிற்கு நாம் எதை அனுப்பப்போகிறோம் என்பது இனி நம்மைப் பொறுத்தது.

அதற்கு விடை காண, மைசூரின் அனுபவம் மூன்று செய்திகளை நமக்குக் கூறுகிறது. மூலப்பொருளை மூலப்பொருளாகவே விற்பவன் கூலியை மட்டும் பெறுகிறான். ஒரே சந்தையை நம்பியவன், அச்சந்தையின் கதவு சாத்தப்படும் நாளில் தெருவில் நிற்கிறான். பொருளைப் பக்குவப்படுத்தும் கலையோடு, அப்பொருள் தோன்றும் மண்ணையும் அதனை வளர்ப்பவனையும் காக்காத நாடு, தன் முதலையே உண்கிறது.

இவை அரசாங்கங்களுக்கு மட்டும் உரிய செய்திகள் அல்ல. மஞ்சள் விளைவிக்கும் ஈரோட்டு உழவருக்கும், மிளகு விளைவிக்கும் கொல்லிமலை உழவருக்கும் இவை பொருந்தும். மூட்டை கட்டி வண்டியேற்றுமுன், இப்பொருளில் இன்னும் எவ்வளவு வேலை நம் ஊரிலேயே நடக்கலாம் என்று ஒருகணம் எண்ணிப்பார்த்தல் வேண்டும். மானந்தவாடிச் சாலையின் இரு தொழிற்சாலைகளும் அவ்வாறு எண்ணிப்பார்த்ததன் விளைவாகத் தோன்றியவையே.